அமலதாஸ், இரண்டு பேர்

தலையில் எண்ணெயோடு செல்போனைத் தொடக்கூடாது என்று மங்கையர்க்கரசி எத்தனையோ தடவை முடிவெடுத்தாயிற்று, ஆனால் எண்ணெய் ஊற அரைமணி நேரம் வேண்டும், அந்த அரைமணி நேரமும் ஒரு மனுஷி மதில்சுவரைப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருப்பாள்? வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் எல்லாம் வீட்டில் இருக்கிறவர்களுக்கு. ஒன்பதாம் வகுப்புப் பெண்களோடு இயற்கணிதத்தில் மல்லுக்கட்டுகிறவளுக்கு ஞாயிறுதான் வெள்ளி. உறையூர் வீட்டின் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, சாயம் போன நைட்டியும் கழுத்தில் பழைய துண்டுமாக, நல்லெண்ணெய் காதோரம் இறங்க உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடி ஜன்னல் விளிம்பில் இருந்தது, எண்ணெய் பட்டால் துடைத்து மாளாது. கப்பல். காவிரியில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற கூட்டம் இது, இது கப்பலில் போகப்போகிறதாம், சென்னையில் ஏறித் திருகோணமலை போய்த் திரும்ப நான்கு நாள். பதினோரு மாடி, லிப்ட், மொட்டை மாடியில் நீச்சல்குளம் என்று எப்போதும் சேர்ந்து ஊர் சுற்றுகிற சிநேகிதர் வைத்தி படம் படமாக அனுப்பித் தள்ளுகிறார். கடலுக்குள் கப்பல், கப்பலுக்குள் குளம், அந்தக் குளத்தில் இறங்கத் தனி உடுப்பு வேறு வேண்டுமாம், மகள் தென்றல் இரண்டு உடுப்பு பார்த்துவைத்து அப்பாவிடம் காட்டிவிட்டாள், அம்மாவிடம் காட்டவில்லை, காட்டாததிலேயே அது எப்படிப்பட்ட உடுப்பு என்று தெரிகிறது. வைத்தியின் மனைவி கஸ்தூரிக்கு ஒரே ஒரு சந்தேகம், கப்பலில் காலையில் இட்லி உண்டா இல்லையா. மங்கைக்கு நீச்சல் தெரியாது. கணவர் தனசேகருக்கும் தெரியாது, ஆனால் அவர் தெரிந்தவர் மாதிரிப் பேசுவார். இருந்தாலும், நாற்பத்தொன்பது வயதில் ஒரு தடவை, எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை தெரியாத இடத்தில் நின்று பார்த்துவிட வேண்டும் என்று நான்கு நாளாக நெஞ்சுக்குள் ஒரு குறுகுறுப்பு. ஆசைதான், வேறென்ன. ஆசையை ஆசை என்று சொல்ல ஏன் இத்தனை வெட்கம்? 'டீச்சர், பன்னெண்டு மணிக்குள்ள லிஸ்ட் போட்டுடுங்க, ரூம் பிடிக்கணும்' என்று வைத்தி காலையிலேயே பேசி அனுப்பியிருந்தார். எங்கே போனாலும் பட்டியல் போடுவது மங்கையின் வேலை, பதினாறு வருஷமாக. விரலைத் துண்டில் துடைத்தாள், தட்டினாள், வைத்தி தொடங்கியிருந்த 'கப்பல்' குழுவில் அனுப்பினாள். தனசேகர் – 3, வைத்தி – 4, அமலதாஸ் – 2, மொத்தம் 9. அனுப்பிவிட்டு உச்சந்தலையை அழுத்தித் தேய்த்துக்கொண்டாள், சுகமாக இருந்தது.

ஒன்பது. கணக்கு டீச்சரை முதலில் உறுத்தியது எண்தான், பெயர் இல்லை. ஒன்பது சரிதானே, வேனில் எப்போதும் ஒன்பதுதானே, மூன்றும் நான்கும் ஏழு, ஏழும் இரண்டும் என்று கூட்டிக்கொண்டே போன மனசு அந்த இரண்டில் போய் முட்டி நின்றது. அமலதாஸ். அமலதாஸ் போய் இருபது மாதம் ஆகிறது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் போன மனுஷன், டப்பாவைத் திறக்கிற நேரத்துக்குள் முடிந்துபோன மனுஷன், அவரைக் கப்பலில் ஏற்றியிருக்கிறாள். தனியாகக் கூட இல்லை, 2 என்று போட்டு. அந்த இரண்டில் மிச்சமிருக்கிற ஒருத்தி, பிலோமினா, அதே குழுவில் இருக்கிறாள், இந்நேரம் ஞாயிறு பூசை முடிந்து வந்து போனைக் கையில் எடுத்திருப்பாள். அடிப்பாவி மங்கை. அழித்துவிடு, சீக்கிரம் அழித்துவிடு, பார்ப்பதற்குள் அழித்துவிடு. விரலை வைத்து அமுக்கினாள், வழுக்கிற்று, மறுபடியும் அமுக்கினாள், ஏதோ இரண்டு வரி வந்து நின்றது, கண்ணாடி இல்லாத கண்ணுக்கு எல்லாம் புழுவாக நெளிந்தது, அழி என்பது மாதிரி இருந்ததைத் தொட்டாள், பட்டியல் மறைந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டுக் கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிப் பார்த்தபோதுதான் கீழே ஓரமாக ஒரு வாசகம் மங்கி மறைவது தெரிந்தது: 'உங்களுக்கு மட்டும் நீக்கப்பட்டது.' எனக்கு மட்டும்! எல்லாருடைய போனிலும் இருக்கிறது, இவள் போனில் மட்டும் இல்லை. இனி அவள் நினைத்தாலும் அதைத் தொட முடியாது, பிலோமி பார்த்துவிட்டாளா என்று நீலக் குறியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூட வழியில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் செய்திருந்தால் 'கேள்வியைப் படிச்சியா' என்று கேட்டுக் கொன்றிருப்பாள்.

எப்படி வந்தது அந்தப் பெயர்? விரல் எழுதிற்று, அவள் எழுதவில்லை. பதினாறு வருஷத்துப் பட்டியல் விரலுக்குள் இருக்கிறது, ஏற்காடு, குற்றாலம், வேளாங்கண்ணி, இரண்டு தடவை கொடைக்கானல், எதற்குப் போனாலும் அந்த மூன்று வரி, அந்த வரிசை. முதல் பட்டியலில் பிலோமியின் மகள் ஸ்டெல்லாவும் உண்டு, அமலதாஸ் – 3, அப்போது வைத்திக்கு ஒரே பிள்ளை. பிறகு ஸ்டெல்லா பெங்களூருக்குப் படிக்கப் போனாள், வைத்திக்கு இரண்டாவது பிறந்தது, எண்கள் கூடிக் குறைந்து மறுபடியும் ஒன்பதுக்கே வந்து நின்றன, அதில் ஒரு கணக்கு டீச்சருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை யாரிடம் சொல்ல முடியும். டீக்கடையில் நிறுத்தி வேன் கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் அவள் எழுந்து நின்று பெயர் கூப்பிடுவாள், அமலதாஸ் மட்டும் முதல் தடவை பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார், வேண்டுமென்றே, இரண்டாவது தடவை கூப்பிட வைத்துவிட்டுச் சிரிப்பார். இரண்டாவது தடவை. அவர் செத்த பிறகு அந்தப் பெயரை அவள் இரண்டு தடவைகூட வாயால் சொல்லியிருக்க மாட்டாள். அதுதான் உண்மை. முதல் மாதம் பிலோமி வீட்டுக்குத் தினமும் போனாள், பிறகு வாரம் ஒரு தடவை, பிறகு பள்ளியில் தேர்வு, பிறகு தென்றலுக்குப் பொதுத்தேர்வு, போகாமலிருக்கக் காரணம் தேடினால் கிடைக்காமலா போகும். போனாலும் என்ன பேசினாள்? பாலக்கரை வீட்டுக் கூடத்தில், மாலை போட்ட அவர் படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு, குக்கர் கேஸ்கெட் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தாள் ஒரு நாள். எந்தக் கம்பெனி கேஸ்கெட் சீக்கிரம் தளர்கிறது, எது தளரவில்லை. பேச்சு அவர் பக்கம் சாய்கிற மாதிரி இருந்தால் போதும், பதறிக்கொண்டு கேஸ்கெட்டுக்குத் திருப்பினாள். பிலோமியும் திரும்பினாள், நல்ல பெண், எப்படித் திருப்பினாலும் திரும்புவாள், தபால் ஆபீஸ் கவுண்டரில் இருபது வருஷம் உட்கார்ந்த பொறுமை. துக்கத்தைக் கிளறக்கூடாது என்று நினைத்தேன் என்று இப்போது சொல்லலாம். கிளறினால் தாங்கமாட்டாள் என்றா நினைத்தாய், நீ தாங்கமாட்டாய் என்று நினைத்தாயா? அந்தக் கேள்வியை மங்கை அவசரமாக வேறு பக்கம் தள்ளினாள், இதுவும் கேஸ்கெட் வேலைதான் என்று தெரிந்தே தள்ளினாள்.

குழுவில் வைத்தியின் பதில் வந்து விழுந்தது. 'சூப்பர் டீச்சர், 9 கன்ஃபர்ம்.' படிக்காமலே சூப்பர் போடுகிற மனுஷன், அவரைச் சொல்லி என்ன, படித்து எழுதவேண்டியவளே படிக்காமல் எழுதியாயிற்று. உடனே திருத்தி அனுப்பிவிடலாமா? என்னவென்று அனுப்புவது, அங்கேதான் கணக்கு இடித்தது. 'மன்னிக்கவும், 7' என்று போட்டால் பிலோமி வரமாட்டாள் என்று நாமே முடிவு கட்டியதாக ஆகும், ஒரு ஆள் போனதும் இன்னொரு ஆளையும் சேர்த்துக் கழித்ததாக ஆகும். '8' என்று போட்டால் கேட்காமலே அவளை இழுத்து ஏற்றியதாக ஆகும். அவளைக் கேட்டிருக்க வேண்டும், அதைத்தான் யாரும் செய்யவில்லை. குழு தொடங்கி நான்கு நாளாகிறது, ஆளாளுக்குக் கைதட்டும் பொம்மையும் கப்பல் பொம்மையுமாகப் போட்டுத் தள்ளினார்கள், பிலோமியிடமிருந்து ஒரு எழுத்து இல்லை. 'பிலோமியைக் கூப்பிடறதா வேணாமான்னே தெரியல டீச்சர், நீங்களே பக்குவமா கேளுங்க' என்று வைத்தி தனியாகச் சொன்னார். பக்குவமாகக் கேட்கிறேன் என்று நான்கு நாளாகக் கேட்காமல் இருந்தவள், இன்று கேட்டிருக்கிற அழகு இது. ஒரு பெண்ணுக்கு இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும், உன் புருஷன் இருக்கிறானா செத்தானா என்பதுகூட எங்களுக்கு நினைவில்லை என்று. பதினாறு வருஷ சிநேகிதம், சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஆரம்பித்தது, ஒரு வரியில் முடிந்துவிட்டால்? எண்ணெய் நெற்றியைத் தாண்டிப் புருவத்தில் இறங்கிற்று, கண்ணில் பட்டு எரிந்தது, எரிந்ததால்தான் கண்ணீர் என்று அவளே அவளுக்குச் சொல்லிக்கொண்டாள். 'அம்மா, ஷாம்பூ தீர்ந்துருச்சு, சீயக்காய்தான் இருக்கு' என்று உள்ளேயிருந்து தென்றல் கத்தினாள். சரி சரி என்றாள். எதற்குச் சரி என்று தெரியாமல் சொன்னாள், ஏனென்றால் அந்த நேரத்தில் திரையின் மேலே 'பிலோமி டைப் செய்கிறார்' என்று வந்தது. வந்தது, நின்றது, மறைந்தது. மறுபடியும் வந்தது. மறைந்தது. என்ன எழுதி என்ன அழிக்கிறாள்? திட்டினால் தேவலை. 'பரவாயில்லை' என்று எழுதினால்தான் பயம், பிலோமி பரவாயில்லை என்று எழுதிவிட்டால் அதோடு கதவு சாத்தினதுதான், அப்புறம் ஆயுசுக்கும் கேஸ்கெட்தான். மூன்றாவது தடவையும் வந்து மறைந்ததும் மங்கையால் தாங்க முடியவில்லை. கையைத் துண்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, என்ன பேசுவது என்று எதையும் தயார் செய்துகொள்ளாமல், அவளைப் போனில் கூப்பிட்டுவிட்டாள்.

"சொல்லு மங்கை."

"பிலோமி, அந்த லிஸ்டு... நான் கண்ணாடி போடலடி." இத்தனை யோசித்ததற்கு இதுவா வாயில் வர வேண்டும். "பழக்கத்துல வந்துருச்சுடி, சத்தியமா. அழிக்கப் போனேன், எனக்கு மட்டும் அழிஞ்சுருச்சு."

"தெரியுது. எனக்கு இன்னும் இருக்கு, பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்." அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம், அதற்குப் பிறகு இன்னொரு சத்தம். அழுகை என்று நினைத்தாள் மங்கை. அழுகை இல்லை. "நான் சிரிச்சுட்டேன்டி மங்கை. மாதா மேல ஆணையா சிரிச்சுட்டேன். ஏத்தறதுதான் ஏத்துனே, அந்த மனுஷனைப் போய்க் கப்பல்லயா ஏத்துவே? தண்ணின்னா அவருக்கு ஆகவே ஆகாதுடி. பிச்சாவரத்துல நீங்க எல்லாம் படகுல போனப்ப, பையெல்லாம் நான் பார்த்துக்கறேன்னு கரையில உக்காந்தாரே, பையாவது ஒண்ணாவது. கல்யாணமான புதுசுல ஒகேனக்கல் பரிசல்ல ஏறி, எம் மடியிலயே வாந்தி எடுத்தாரு. வெளிய சொல்லாதேன்னு அன்னைக்கே சத்தியம் வாங்கிட்டாரு. இருபத்திமூணு வருஷம் காப்பாத்துனேன், இப்ப உன்கிட்ட சொல்லிட்டேன்."

கரையில் அமலதாஸும் பிலோமியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது மங்கைக்கு நினைவு வந்தது, படகிலிருந்து திரும்பிப் பார்த்து, பார்த்தீர்களா அவர்களை, நீங்களும் இருக்கிறீர்களே என்று தனசேகரை இடித்தது நினைவு வந்தது. பிலோமி அன்றைக்குக் கை ஆட்டினாள். பிறகு அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு படகையே பார்த்துக்கொண்டிருந்தாள், படகில் இருந்தவர்களை இல்லை.

"நாலு நாளா நான் ஏன் வாயே தொறக்கலன்னு நெனைச்சீங்க எல்லாரும்?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"கஷ்டம் இல்லடி. ஆசை." பிலோமி அந்தச் சொல்லைத் திருட்டுச் சாமானை எடுத்துக் காட்டுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். "வைத்தி அண்ணன் முதல் படம் போட்டதுமே எனக்குப் போகணும்னு வந்துருச்சு. வந்த அடுத்த நிமிஷமே, இவரு இருந்திருந்தா நான் இதுக்குப் போயிருக்க முடியாதேன்னு தோணிச்சு. அப்ப அவரு இல்லாததாலதானே போறேன்? நான் என்ன மனுஷி சொல்லு. நேத்து பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வரிசையில நின்னேன், சாமியார்கிட்ட சொல்லிடலாம்னு. எனக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்கும்போது திரும்பி வந்துட்டேன். இது பாவமா இல்லையான்னே தெரியல, என்னன்னு சொல்றது?"

பதில் சொல்லவேண்டிய இடம் இது. தப்பில்லை பிலோமி என்று சொல்லலாம், சொல்ல இவள் யார்? அமலதாஸே போ என்றுதான் சொல்வார் என்று சொல்லலாம், செத்தவர்கள் பேரில் சவுகரியமாகப் பேசுவது எவ்வளவு சுலபம். வாய் வரை கேஸ்கெட் வந்து நின்றது, சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "எனக்குத் தெரியலடி" என்றாள் கடைசியில். "தப்பா சரியான்னு எனக்குத் தெரியல. அமலதாஸ் அண்ணன் பேரை நான் வேணும்னேதான் இத்தனை நாள் பேசாம இருந்தேன், அது தப்புன்னு மட்டும் தெரியுது. அப்புறம் ஒண்ணு, எனக்கும் ஆசையா இருக்கு, பயமாவும் இருக்கு, நீ இல்லாம அந்தக் கப்பல்ல ஏற எனக்குத் தைரியம் இல்ல. கஸ்தூரி இட்லியைப் பத்தியே பேசுவா."

பாலக்கரைத் தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது, போன் வழியாக இங்கே கேட்டது. "யாருமே அவரு பேரைச் சொல்றது இல்லடி" என்றாள் பிலோமி. "ஆபீஸ்ல, கோயில்ல, ஸ்டெல்லாகூட அப்பான்னு ஆரம்பிச்சு நிறுத்திடுது. இன்னைக்கு அந்த வரியைப் பார்த்ததும், ஆமா, இப்படி ஒரு ஆளு நெசமாவே இருந்தாரு, நான் கனவு காணலைன்னு இருந்துச்சு. எத்தனை தடவை படிச்சேன் தெரியுமா? பதில் எழுதி எழுதி அழிச்சுட்டேன்." பிறகு குரலே மாறிவிட்டது, கவுண்டரில் பாஸ்புக்கை நீட்டிக் கையெழுத்து எங்கே என்று கேட்கிற பழைய பிலோமியின் குரல். "இங்க பாரு, துணைக்குன்னு சொல்லி உன் பொண்ணை என் ரூம்ல போட்டுடாதே. அது பூரா நேரமும் போன்ல பேசும். எனக்குத் தனி ரூம் வேணும், கடல் தெரியணும். நாலு நாளும் தண்ணியைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கணும், யாரும் வந்து சாப்பிட்டியான்னு கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

"நீ கேப்பே. வை போனை, நான் எழுதறேன்."

மங்கை போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் துவைக்கிற கல்லைத் தாண்டி அவள் கால் வரைக்கும் வந்திருந்தது, எண்ணெயோடு வெயிலில் உட்கார்ந்தால் சளி பிடிக்கும் என்று எழுந்திருக்கத் தோன்றவில்லை. மனசு பிழிந்த ஈரத்துணி மாதிரி லேசாகக் கிடந்தது. கப்பல் இப்போதுதான் நிஜமாகத் தெரிந்தது, அதன் உயரமும் வெள்ளையும், அதில் ஏறுகிற ஏணியும், ஏணியில் முன்னால் ஏறுகிற பிலோமியின் முதுகும். பயம் இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும், பயந்துகொண்டே கூடப் பார்க்கலாம் கடலை. போன் அதிர்ந்தது. குழுவில் பிலோமி பட்டியலைத் திருத்தி அனுப்பியிருந்தாள். தனசேகர் – 3, வைத்தி – 4, அதற்குக் கீழே இருந்த பெயரை அவள் கையாலேயே எடுத்திருந்தாள். எடுக்கிறபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து மங்கை அழுதாள், இந்தத் தடவை எண்ணெயின் மேல் பழி போடவில்லை. அந்த இடத்தில் 'பிலோமினா – 1' என்று இருந்தது. மொத்தம் 8. அவ்வளவுதான். துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். என்னவோ இடித்தது, கூட்டல் சரி, எட்டுதான், கூட்டல் இல்லை இடிப்பது. தனசேகர், வைத்தி, பிலோமினா. மூன்றாவது வரி மற்ற இரண்டோடு ஒட்டவே இல்லை. பதினாறு வருஷமாக, ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து எழுதிய அத்தனை பட்டியலிலும் ஒரு பெண்பிள்ளையின் பெயர்கூட இல்லை, எழுதியவள் பெயரும் இல்லை. யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டில் நாற்பத்திரண்டு பெண்களின் பெயரைத் தினமும் கூப்பிடுகிறவளுக்கு அது ஒரு நாளும் உறைக்கவில்லை, புருஷன் போன ஒருத்தி தன் பெயரை எழுதியதும்தான் உறைக்கிறது. பிலோமியை மட்டும் தனியாக, வித்தியாசமாக, அந்த வரிசையில் நிற்க விடுவதா? கண்ணாடியைச் சரியாக மாட்டிக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, நிதானமாக, புதுசாக எழுதினாள். மங்கையர்க்கரசி – 3, கஸ்தூரி – 4, பிலோமினா – 1, மொத்தம் 8. இரண்டு தடவை படித்துவிட்டு அனுப்பினாள்.

ஐந்து நிமிஷத்துக்கெல்லாம் வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. கறி வாங்கப் போன தனசேகர் ஒரு கையில் பையும் ஒரு கையில் போனுமாகப் பின்பக்கம் வந்து நின்றார், அவள் அழுத முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மங்கை, லிஸ்ட்ல என் பேரையே காணோம்?"

"அந்த மூணுக்குள்ள இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அவள் குளிக்க எழுந்தாள்.